பேபியின் கழுத்து

போன மாதம் மகள் வீட்டில் றக்பி லீக் ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவர் விசில் ஊதினார். ஸ்க்றம். பக்கத்துக்கு ஆறு பேராக வந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள், பந்து உள்ளே போனது, வெளியே வந்தது, எல்லாரும் எழும்பிப் போனார்கள். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரரைக் கட்டிப்பிடிப்பது மாதிரி ஒரு கட்டிப்பிடி. ஒருவரும் தள்ளவில்லை.

"இதை ஏன் மாமா செய்யினம்?" என்று மருமகன் கேட்டார்.

"மூச்சு வாங்க," என்றேன்.

பிறகு, ஒரு காலத்தில் அது எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்கினேன். ஆட்டம் முடிந்து, செய்தி முடிந்து, தேத்தண்ணியும் ஆறிவிட்டது. என் மனைவி மலர் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதை எங்கையாவது எழுதித் துலையுங்கோவன். அந்தப் பிள்ளை விடிய வேலைக்குப் போக வேணும்."

எழுதித் துலைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் பிசியோதெரபி படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிக்கு வந்தேன். கொழும்பில் படித்ததை உண்மையாகவே படித்தேன் என்று காட்டச் சொன்னார்கள். காட்டினேன். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. படித்த எனக்கே அது அலுத்துப்போனது. லிட்கம்மில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்தோம். மலர் பிஸ்கட் பக்டரியில் வேலைக்குப் போனாள். எனக்கு மேற்குப் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் முள்ளந்தண்டு வார்ட்டில் வேலை கிடைத்தது.

அங்கே ஒரு நாள் குப்பை லொறிக்காரன் ஒருவன் முதுகு நோவோடு வந்தான். அந்தக் காலத்தில் குப்பை எடுப்பவர்கள் வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு லொறிக்குப் பின்னால் ஓட வேண்டும். இவன் கதவுக்குள்ளால் வருவதற்கே சரிய வேண்டியிருந்தது. கட்டிலில் படுத்தான், கட்டில் முனகியது. பெயர் என்ன என்று கேட்டேன். "பேபி" என்றான். நான் பகிடி என்று நினைத்தேன். இல்லை, தாய் உட்பட முழு ஊரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டது.

ஏழெட்டுத் தடவை வந்து போனதில் பேபியின் முதுகு சரிவந்தது. கடைசி நாள் போகும்போது சொன்னான்: "செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிரவுண்டுக்கு வா. எங்கடை றக்பி கோச்சுக்கு உன்னைப் பாக்க வேணுமாம்."

அப்போது எனக்கு றக்பி என்பது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்கு வரும், காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. போனேன்.

கோச்சின் பெயர் கெவ். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், பிறகு பல வருடம் விளையாடியவர். காது இரண்டும் பொரித்த அப்பளம் மாதிரி. யாரோடு பேசினாலும் தன் சப்பாத்தைப் பார்த்துத்தான் பேசுவார். முதல் சில வாரம் அவர் திட்டுவது என்னையா சப்பாத்தையா என்றே எனக்குப் பிடிபடவில்லை. அவர் பேசியதில் கெட்ட வார்த்தைகளை அரித்து எடுத்தால் மிச்சம் கொஞ்சம்தான். அரித்ததைத்தான் இங்கே தருகிறேன், அதுவும் என்னுடைய தமிழில்.

"உனக்குக் கழுத்து செய்யத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"விளங்கேல்லை."

"கழுத்து. எனக்கு ஆறு கழுத்து வேணும். தலை இருக்கு. அதுக்குள்ளை ஒண்டுமில்லை, அது பரவாயில்லை. கழுத்துத்தான் வேணும். உன்ரை பேர் என்ன?"

"சபாரத்தினம்."

அவர் அதை வாய்க்குள் போட்டு இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார். முன்னும் பின்னும் சரிவரவில்லை. நடுவில் இருந்த 'ராட்'டை மட்டும் பிடுங்கி எடுத்தார். இங்கிலீசில் அதற்கு எலி என்று பொருள். அன்றிலிருந்து அந்த மைதானத்தில் நான் எலி. வீட்டில் சொன்னபோது மலருக்குக் கண் சிவந்தது. ஆனால் அந்த அணியில் மற்றவர்களுக்கு இருந்த பட்டப்பெயர்களைக் கேட்டால் எலி என்பது கோயில் ஐயர் வைத்த பெயர் மாதிரி இருக்கும்.

ஸ்க்றம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஆட்டம் நின்ற இடத்தில் இரண்டு அணியிலும் ஆறு ஆறு பேர் குனிந்து, தலைகளை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் பந்தை உருட்டி விடுவார்கள். கையால் தொடக் கூடாது. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவன் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவன். அவனுக்கு இங்கிலீசில் ஹூக்கர் என்று பெயர். விலைமாதருக்கும் இங்கிலீசில் அதே சொல்தான் என்பதால், அந்தப் பெயரை வீட்டில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு தனிக் கதை. அவனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண். பேபி வலது பக்கத் தூண். பின்னால் மூன்று பேர் தள்ளுவார்கள். யார் தள்ளி வெல்கிறார்களோ அவர்களுக்குப் பந்து. நான் சேர்ந்த வருடம் எங்கள் ஆட்கள் பின்னுக்குப் போவதில் மிகுந்த திறமைசாலிகளாக இருந்தார்கள்.

ஹூக்கர் ரோனி துறைமுகத்தில் வேலை செய்தவன். கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளில் எது எந்தப் பக்கத்தால் காணாமற் போகும் என்று நன்றாகத் தெரிந்தவன். கெவ் அவனுக்குப் பின்னால் தள்ளுவதற்கு இரண்டு பொலிஸ்காரரைத் தேடிப் பிடித்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பின்னாலை பொலிஸ் வந்தால் ரோனி தன்பாட்டிலை முன்னுக்குப் போவான்," என்றார் சப்பாத்திடம்.

கழுத்து செய்யும் வேலையை நான் குளித்துத் துடைக்கும் துவாயில் தொடங்கினேன். இரண்டு பேர் எதிரெதிரே முழங்காலில் நிற்க வேண்டும். துவாயை ஒருவனின் பின்தலையில் போட்டு, மற்றவன் இரண்டு முனையையும் பிடித்து இழுப்பான். இழுபடுகிறவன் தலையை அசைய விடக் கூடாது. பிறகு நெற்றியில் போட்டுப் பின்னுக்கு, பிறகு இரண்டு பக்கமும். வெட்டி இழுக்கக் கூடாது. பாரத்தை மெல்லக் கூட்டி மெல்லக் குறைக்க வேண்டும். முதல் நாள் இதைச் செய்தபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரோனி துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண் மாதிரி ஒரு நடை நடந்து காட்டினான். கெவ் சிரிக்கவில்லை. தானும் முழங்காலில் நின்று, ரோனியின் தலையில் துவாயைப் போட்டு இழுத்தார். ரோனி மூக்குக் குத்தப் புல்லில் விழுந்தான். அதோடு சிரிப்பு நின்றது.

சில மாதத்தில் பேபியின் தாய் என்னைத் தேடி மைதானத்துக்கு வந்தார். குட்டையான, கோபமான மனுசி. மகனுடைய சேட்டுகளில் ஒன்றுக்கும் கழுத்துப் பட்டன் பூட்டுப்படவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டார். கெவ் தூரத்தில் நின்று இதைக் கேட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

கழுத்து என் வேலை. மிச்சமெல்லாம் கெவ்வின் வேலை. அவர் ஸ்க்றம் பழக்கும் விதத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. பழைய ரயில் பாதைச் சிலிப்பர்க் கட்டைகளால் செய்த ஒரு வண்டில் இருந்தது. அதில் இரண்டாம் அணிக்காரரை ஏற்றி இருத்தி, எங்கள் ஆறு பேரையும் தள்ள விடுவார். அவர்கள் மாட்டிக்கொண்டு நின்றதும் கெவ் புல்லில் மல்லாந்து படுத்து, மெக்கானிக் லொறிக்கு அடியில் போவது போல அவர்களுக்கு அடியில் போய்விடுவார். அங்கே இருந்து சத்தம் மட்டும் வரும்.

"பேபி, உன்ரை இடக் கால் தூங்குது. எழுப்பு."

"ரோனி, ஏன் தொங்கிறாய்? கொடியிலை காயப்போட்ட சறமோ நீ?"

ரோனி தொங்குவதற்குக் காரணம் இருந்தது. ஹூக்கர் இரண்டு தூண்களின் தோளிலும் கையைப் போட்டுத்தான் நிற்பான். தூண் இரண்டும் ஒரே உயரத்தில் குனியாவிட்டால் நடுவில் நிற்பவன் கோணிப்போவான். காலை வீச முடியாது. ஆகவே கெவ் பலசாலிகளைத் தேடவில்லை. ஒரே அளவில் குனியக்கூடியவர்களைத் தேடினார். பேபி மற்றத் தூணை விட உயரம். பேபியைக் குனிய வைக்க எனக்கும் கெவ்வுக்கும் ஒரு முழுப் பருவம் எடுத்தது. இடுப்பு தோளுக்குக் கீழே போகக் கூடாது, மேலேயும் போகக் கூடாது. ஆணிச் சப்பாத்தின் ஆணி முழுக்க நிலத்துக்குள் இறங்கிய பிறகுதான் தள்ளலாம். பந்து உள்ளே வரும்போது ரோனி பேபியின் சட்டையை விரலால் ஒரு சுண்டு சுண்டுவான். அந்தச் சுண்டலுக்கு ஆறு பேரும் ஒரே மூச்சை விட்டுத் தள்ள வேண்டும்.

முதல் வருடம் அது ஆறு பேர் ஆறு வேலை செய்வது போல இருந்தது. இரண்டாம் வருடம் சண்டை பிடித்த குடும்பம் மாதிரி. மூன்றாம் வருடம் ஒரு நாள், மழை ஆட்டம் ஒன்றில், எங்கள் ஆட்கள் குனிந்தார்கள், "ஹக்" என்று ஒரு சத்தம், எதிரணி ஆறு பேரும் அப்படியே சேற்றில் வழுக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார்கள். நான் கோட்டுக்கு வெளியே, அடிபட்டவர்களைத் துடைக்கும் பஞ்சு வாளியோடு நின்றேன். என்னைத் தாண்டிப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்த எதிரணிக்காரன் ஒருவன், "தண்ணி கொண்டு வாடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். எங்கள் ஆள் இல்லை என்று தெரிந்தும் கொண்டு போனேன். பாவமாக இருந்தது.

அந்த வருடம் நாங்கள் அரையிறுதிக்குப் போனோம். அந்தக் கிளப்பில் அது நினைவு தெரிந்த யாரும் காணாத விசயம். பேபிக்கு முப்பத்து மூன்று வயது. அதுதான் அவனுடைய கடைசி வருடம் என்று அவனுக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும். ஒரு இறுதிச் சுற்று ஆட்டம்கூட அவன் விளையாடியதில்லை. தாய் புதிய தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

அரையிறுதிக்கு முந்தின வார ஆட்டத்தில் ஸ்க்றம் ஒன்று சரிந்தது. எல்லாரும் எழும்பினார்கள். பேபி மட்டும் கடைசியாக எழும்பி, வலக் கையைத் தண்ணீர் உதறுவது போல உதறினான். ஓடிப் போனேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. நுளம்பு கடிச்சது."

"இந்தக் குளிருக்கை நுளம்போ?"

"போடா எலி," என்றுவிட்டு ஓடிவிட்டான்.

ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் அவன் இடக் கையால் சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். மேசையில் படுக்க வைத்தேன். கண்ணை மூடச் சொல்லி, வலக் கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பஞ்சால் தடவினேன்.

"எப்ப தொடப்போறாய்?" என்று கேட்டான்.

நான் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

சின்னச் சுத்தியலால் முழங்கையின் உட்பக்கத்தில் தட்டினேன். இடக் கை துள்ளியது. வலக் கை நித்திரை. தலையை வலப் பக்கம் சரித்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தினேன். தோளில் இருந்து விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி மேசையில் இருந்து எழும்பிவிட்டான். கால் இரண்டையும் சோதித்தேன். அவை சரியாக இருந்தன. அதற்கு நான் வீட்டுக்குப் போய் நல்லூர் முருகனைக் கும்பிட்டேன்.

கிளப் டொக்டர் நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார். உண்மையையும் உடனே சொல்ல மாட்டார். தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம் என்றார். சனிக்கிழமை காலை திரும்பப் பார்ப்போம் என்றார். சனிக்கிழமை பின்னேரம்தான் ஆட்டம். நான் பேபியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தேன். எலும்புச் சத்திரசிகிச்சை டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; பேபியை ஒரு தரம் பார்த்தார்; திரும்பப் படத்தைப் பார்த்தார். "இவர் குப்பை வாளி தூக்கவே கூடாது," என்றார்.

பேபி வெளியே வந்ததும் சொன்னான்: "குப்பை வாளிதானே. ஸ்க்றம்மைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் கெவ்வைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"படத்தைக் கொண்டு வந்து காட்டாதை," என்றார். "படத்திலை எல்லாற்றை கழுத்தும் உடைஞ்சுதான் கிடக்கும். என்ரை படத்தைப் பாத்தால் நான் செத்துப் பத்து வருசம். பேபி என்ன சொல்லுறான்?"

"ஒண்டுமில்லை எண்டுறான்."

"பேந்தென்ன?"

"தலை கழண்டு விழுந்தாலும் அவன் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவான்."

"பேபி இல்லாட்டி ஸ்க்றம் இல்லை. ஸ்க்றம் இல்லாட்டி பந்து இல்லை. பந்து இல்லாட்டி சனிக்கிழமை நாங்கள் அங்கை என்னத்துக்குப் போறம், வெயில் காயவோ?" சப்பாத்தால் புல்லைக் கிளறினார். "உனக்குப் பயமெண்டால் நீ வர வேண்டாம். பஞ்சு வாளி தூக்க ஆளில்லாமல் இல்லை."

அது எனக்குச் சுட்டது. இந்த நாட்டில் யாராவது என் பெயரைக் கேட்டுவிட்டு அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்த முதல் இடம் அந்த மைதானம். அதை விட்டால் எனக்கு வார்ட், வீடு, லிட்கம் ரயில் நிலையம்.

ஆனால் அந்த வார்ட்டில் அப்போது ஒரு மனிதர் இருந்தார். ஆற்றில் தலைகீழாகப் பாய்ந்தவர். அடியில் மணல் திட்டு. ஒவ்வொரு நாள் காலையும் நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, நிமிர்த்தி, மடித்து, நிமிர்த்தி விடுவேன், விறைத்துப்போகாமல் இருக்க. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், வேறு யாருடையவோ விரல்களைப் பார்ப்பது போல. அந்தக் கட்டிலில் பேபியை வைத்து நினைத்துப் பார்த்தேன். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

பயிற்சி முடிந்ததும் எல்லாரும் வழக்கம் போலக் கிளப் பாருக்குப் போனார்கள். நான் குடிப்பதில்லை. அன்று போய், ஒரு பெரிய கிளாஸ் பியர் கேட்டேன். பார்க்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கிளாஸை நிரப்பி வாங்கிக்கொண்டு, பேபி இருந்த மேசைக்குப் போனேன். கெவ், ரோனி, இரண்டு பொலிஸ்காரர், மிச்ச அணி முழுக்க அங்கே நின்றது.

"பேபி, எழும்பு. இதை வலக் கையாலை பிடி. கையை நேரை நீட்டு. நான் சொல்லுமட்டும் பிடிச்சுக்கொண்டு நில்."

அவனுக்கு நான் என்ன செய்கிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. கண்ணால் என்னைக் கொன்றான். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு கிளாஸ் பியரைப் பிடிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிடித்தான். நீட்டினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு நுரை ஒரு பக்கம் சரிந்தது. பேபி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களுக்குத் தன்னால் முடிந்த கட்டளையெல்லாம் கொடுத்தான் என்று நினைக்கிறேன், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. விரல்கள் மெல்ல மெல்லத் திறந்தன. கிளாஸ் கம்பளத்தில் விழுந்து உருண்டது. பியர் கெவ்வின் சப்பாத்தில் ஏறியது.

அந்த மனிதர்களுக்கு எக்ஸ்ரே விளங்காது. நரம்பு விளங்காது. பேபி நிறைந்த கிளாஸை நிலத்தில் விட்டான் என்பது விளங்கும். ரோனி தொப்பியைக் கழற்றினான், செத்த வீட்டில் கழற்றுவது போல. அவன் பகிடிக்குக் கழற்றவில்லை.

"உன்னை நம்பினனான், எலி," என்றான் பேபி. கதவுக்குள்ளால் சரிந்து வெளியே போனான்.

சனத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதனை நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று மலர் அன்றைக்கும் சொன்னாள், இப்போதும் சொல்கிறாள். நாளைக்கு அதே நிலைமை வந்தால் நான் இன்னும் பெரிய கிளாஸ் வாங்குவேன்.

கெவ் நனைந்த சப்பாத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "வியாழக்கிழமை நேரத்தோடை வா. அந்த வங்கிக்காரனுக்கும் சொல்லு."

வங்கிக்காரன் என்றால் நீல். இரண்டாம் அணித் தூண். வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவன். எதிரணிக்காரனை விழுத்தினால் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்பான். கழுத்து கொக்குக்கு இருப்பது மாதிரி. பேபியின் இடத்துக்கு அவன்தான் இருந்தான்.

வியாழக்கிழமை கெவ் நீலைப் பேபியின் இடத்தில் நிறுத்தி, வழக்கம் போல அடியில் போய்ப் படுத்தார். வண்டில் அசையவில்லை. திரும்ப. அசையவில்லை. மூன்றாம் தரம் நீல் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டான். அப்போது வேலிப் பக்கத்தில் இருந்து ஒரு பெரிய உருவம் நடந்து வந்தது. பேபி. என்னைப் பார்க்கவில்லை. வந்து, புல்லில் மல்லாந்து படுத்து, அடியில் கெவ்வுக்குப் பக்கத்தில் நகர்ந்து போய்விட்டான்.

எனக்கு உயிர் போய்விட்டது. ஸ்க்றம் சரிந்தால் அத்தனை பேரும் அந்தக் கழுத்தின் மேல். ஓடிப் போய் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். பேபியை நான் இழுப்பது பசுக்கன்று லொறியை இழுப்பது மாதிரி. "வெளியிலை வாடா!" என்று தமிழில் கத்தினேன்.

"எலிக்குச் சொல்லுங்கோ காலை விடச் சொல்லி," என்று அடியில் இருந்து குரல் வந்தது. எனக்கு அல்ல, கெவ்வுக்கு.

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. பேபி பக்கவாட்டில், எட்டத்தில், புல்லில் கன்னத்தை வைத்துப் படுத்தான். நான் அவனுக்கும் ஸ்க்றம்முக்கும் நடுவில் குந்தி இருந்தேன், நான் இருந்து எதைத் தடுக்கப்போகிறேனோ தெரியாது. அங்கே படுத்தபடி அவன் நீலுக்குச் சொன்னான்: "தள்ளாதை. உன்னட்டைத் தள்ளுறதுக்கு ஒண்டுமில்லை. எதிர்ப்பக்கத் தூணை உன்ரை நெஞ்சுக்குக் கீழை வர விடாதை, அவ்வளவுதான். நீ பதிஞ்சு கிட. பின்னாலை நிக்கிற பொலிஸ் தள்ளட்டும். மன்னிப்புக் கேட்டியெண்டால் எழும்பி வந்து அடிப்பன்."

நீல் பதிந்தான். ரோனியை அவனுடைய உயரத்துக்கு இறக்கினோம். மற்றத் தூணையும் இறக்கினோம். இருட்டும் நேரம் வண்டில் ஒரு முழம் நகர்ந்தது. பிறகு இரண்டு முழம்.

சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் ஸ்க்றம் எப்படி இருந்தது என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எதிரணி பேபிக்குத் தயாராகி வந்திருந்தது. நீல் மாதிரி ஒருவனுக்குத் தயாராகவில்லை. அவர்களுடைய பெரிய தூண் தள்ளுவதற்கு ஒரு நெஞ்சைத் தேடிக்கொண்டே இருந்தான். நீல் அவனுக்குக் கீழே எங்கேயோ இருந்தான். பந்து எங்களுக்கு, எங்களுக்கு, திரும்ப எங்களுக்கு. கிரான்ட்ஸ்டான்டில் பேபி சூட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் புதிய தொப்பியோடு தாய் இருக்க, கல்லு மாதிரி இருந்தான்.

நாங்கள் தோற்றோம். ஸ்க்றம்மில் வென்ற பந்தையெல்லாம் எங்கள் ஓட்டக்காரர்கள் ஒழுங்காகக் கொண்டு போனார்கள், கடைசி நேரத்தில் ஒருவரைத் தவிர. அவருக்கு முன்னால் கோடும் புல்லும்தான் இருந்தன. பந்தைக் கீழே போட்டார். அவர் இன்னும் உயிரோடு இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் நீல் அழுதுகொண்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான். கெவ் வாசலில் வந்து நின்றார்.

"ஸ்க்றம் பரவாயில்லை," என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

அடுத்த மாதம் பேபிக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை. இடுப்பு எலும்பில் இருந்து ஒரு துண்டு எடுத்துக் கழுத்தில் வைத்தார்கள். என்னுடைய வார்ட். என்னுடைய நோயாளி. கால் உண்மையாகவே கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. ஆனால் அந்தக் கால்விரல்கள் அசைந்தன. நான் தினமும் காலையில் முதலில் பார்த்தது அவற்றைத்தான்.

பேபி என்னோடு பேசவில்லை. நான் ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொல்வேன். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு, அந்த வார்ட் நேர்ஸ் மார்கரெட்டிடம் சொல்வான்: "மிஸ், எலிக்குச் சொல்லுங்கோ, நோகுது எண்டு."

மார்கரெட் என் பக்கம் திரும்பி, "நோகுதாம்," என்பாள். ஒல்லியான, குரலில் மட்டும் பலமான பெண்.

"நோகத்தான் செய்யும். இன்னும் பத்துத் தரம் அமுக்கட்டாம் எண்டு சொல்லுங்கோ."

"இன்னும் பத்துத் தரமாம்."

"எலியைச் சாகச் சொல்லுங்கோ."

"சாகட்டாம்."

கிழமைக் கணக்காக இப்படியே பேசினோம். ஒரு நாள் நான் வந்தபோது பந்து அவன் கையில் இருந்தது, நான் சொல்லாமலே அமுக்கிக்கொண்டிருந்தான். மார்கரெட் எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அங்கே என்னுடைய தேவை முடிந்துவிட்டது என்று விளங்கியது.

ஒன்றரை வருடம் கழித்துப் பேபிக்கும் மார்கரெட்டுக்கும் கல்யாணம். அழைப்பு வந்தது. நானும் மலரும் போனோம். மலர் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தாள். மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். எங்களைக் கெவ்வின் மேசையில் இருத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை பேச எழும்பினான். சேட்டின் மேல் பட்டன் பூட்டுப்படவில்லை, டையால் மறைத்திருந்தான். தன் வாழ்க்கையில் தனக்குக் கெடுதல் செய்தவர்களை வரிசையாகச் சொன்னான்: நடுவர்கள், எதிரணித் தூண்கள், பந்தைக் கீழே போட்ட மனிதர். அவர் இரண்டாவது மேசையில் இருந்து கை காட்டினார்.

"எல்லாரையும் மன்னிச்சிட்டன்," என்றான் பேபி. "ஒருத்தனைத் தவிர. அந்தா இருக்கிறான் பாருங்கோ, அந்த ஒல்லிப் பிச்சான். என்ரை ஒரே ஒரு இறுதிச் சுற்று ஆட்டத்தை என்னட்டையிருந்து பறிச்சவன். எலி, உன்னைச் சாகுமட்டும் மன்னிக்க மாட்டன். நல்லாச் சாப்பிடு."

மண்டபம் மேசையைத் தட்டியது. மலர் என் காதுக்குள், "என்னவாம்?" என்றாள். "சாப்பிடட்டாம்," என்றேன்.

மார்கரெட் அவன் கையில் இருந்து மைக்கை வாங்கினாள்.

"அந்த ஆட்டம் விளையாடியிருந்தால் நீ என்ரை வார்ட்டுக்கு வேறை மாதிரி வந்திருப்பாய்," என்றாள். மண்டபம் கொஞ்சம் அடங்கியது. "சரி, அதை விடு. இப்ப எல்லாருக்கும் முன்னாலை சொல்லு. அந்த ஆட்டமோ, நானோ?"

பேபி யோசித்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் இன்னும் யோசித்தான். சிரிப்பு அடங்கி, ரோனி ஒரு விசில் அடித்து, தாய் தொப்பியால் விசிறிக்கொண்டு, "சொல்லித் துலையடா," என்று கத்திய பிறகும் அவன் நேர்மையாக யோசித்துக்கொண்டுதான் நின்றான். பிறகு குனிந்தான், வலக் கையை அவளைச் சுற்றிப் போட்டான், ஒரே மூச்சில் அவளைத் தூக்கித் தோளில் இருத்தினான்.

மண்டபம் முழுக்க எழும்பி நின்று கை தட்டியது. மலர்கூடத் தட்டினாள். நான் தட்டவில்லை, அவனுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் திரும்பினேன். கெவ் தன் சப்பாத்தைப் பார்க்கவில்லை. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.